துளை போட்ட பழைய காசுகள் இருபது, ஒரே பெட்டியில்: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். காசுகளுக்காக வாங்கலாம். கூடவே வரும் விளக்க அட்டையை நம்பி மட்டும் வாங்காதீர்கள், ஏனென்றால் அந்த அட்டை இருபது காசுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று நிறுத்திக்கொள்கிறது. "முற்காலத்து மக்கள் அதிர்ஷ்டத்துக்காகவும் நோய் தீரவும் காசுகளில் துளையிட்டு அணிந்தார்கள்." ஓரிரு காசுகளுக்கு மட்டும் சேர்த்த சின்னக் குறிப்பைத் தவிர, அவ்வளவுதான் மொத்த விளக்கமும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் காசுகளில் பாதிக்கு மேல் இந்த வரிக்குள் அடங்காது.

இணையத்தில் பழைய நாணயங்கள் விற்கும் ஒருவரிடம் வாங்கியது இது. யார் என்பது இங்கே முக்கியமில்லை, இதே மாதிரித் தொகுப்புகளைப் பலரும் விற்கிறார்கள். துளை விழுந்த காசு என்றால் சேகரிப்பவர்கள் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரமிடும் நிறுவனங்களும் இப்படிப்பட்ட காசுக்கு வழக்கமான எண் தரம் கொடுக்காமல், அசல்தான் ஆனால் துளை உண்டு என்று குறிப்பு எழுதி அனுப்பிவிடும். அதனால் முழுக் காசுக்குக் கேட்கும் விலையில் சின்னப் பங்குக்கே இவை கிடைத்துவிடும். நல்லதுதான், நம்மைப் போன்றவர்கள் கைக்கும் வரும். எனக்கோ அந்தத் துளைதான் வேண்டும். நாணயச்சாலையில் ஒரே அச்சில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய காசுகளில் ஒன்றை மட்டும் யாரோ ஒருவர் எடுத்து, இது இனி செலவழிக்க இல்லை என்று முடிவு செய்து, ஆணியை வைத்து அடித்திருக்கிறார். அந்த ஒரு மனிதரைப் பற்றி அந்தக் காசில் எஞ்சியிருக்கும் ஒரே தடயம் அந்தத் துளை. அதைப் படிக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் இந்தப் பெட்டியை மதிப்பிடுகிறேன்.

பொதி கட்டிய விதம் நன்றாக இருந்தது. ஒவ்வொரு காசும் தனி அட்டைச் சட்டத்தில், மைலார் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் சன்னலுக்குள். மெத்தென்று இருக்கும் பி.வி.சி. உறைகளில் போட்டுத் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதில் செப்புக் காசை நாள்பட வைத்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஸ்டேப்ளர் ஊசிகளின் முனைகளைத் தட்டி மடக்காமல் விட்டிருந்தார்கள், எடுக்கும்போது பக்கத்துக் காசில் கீறல் விழும், கவனம்.

சரி, காசுகளுக்கு வருவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும், துளை எப்படிப் போடப்பட்டது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய துளைகளில் பெரும்பாலானவை துளைத்தவை கிடையாது, குத்தியவை. ஆணியையோ கூரான உளியையோ காசின் மேல் வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது, அடி விழுந்த பக்கத்தில் உலோகம் உள்ளே குழிந்து சரியும், மறுபக்கத்தில் உதடு மாதிரிப் பிதுங்கி வெளியே வரும். அந்தப் பிசிறு துணியையும் தோலையும் கிழிக்கும் என்பதால் பலர் அதைத் திருப்பிப் போட்டுத் தட்டிச் சமமாக்கியிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் துளையைச் சுற்றி நசுங்கிய ஒரு வளையம் தெரியும். கருமான் அடித்த பழைய ஆணிக்குச் சதுரத் தண்டு, ஆகவே துளையும் சதுரமாக இருக்கும், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும். டிரில் பிட் போட்டால் கதையே வேறு: சுத்தமான வட்டம், உள்சுவரில் வரிவரியாகச் சுற்றுக் கோடுகள். இன்னொரு வித்தியாசம் எடையில் தெரியும். குத்தும்போது உலோகம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது, அதிகம் கழன்று போவதில்லை. டிரில் போட்டால் அந்த இடத்து உலோகம் தூளாகிப் போய்விடும். பழைய நுட்பம்தான் என்றாலும், வெள்ளியின் மதிப்பே எடையில் இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் துளையின் வடிவம். நூலில் கோத்து வருடக்கணக்காகக் கழுத்தில் தொங்கிய காசில் துளையின் மேல்பக்கம் மட்டும் தேய்ந்து, வட்டம் மெல்லக் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு இழுபட்டிருக்கும். காசின் ஒரு முகம் நெஞ்சில் உரசி மழுங்கியிருக்கும், வெளியே தெரிந்த முகம் வேறு மாதிரித் தேய்ந்திருக்கும். இந்தப் பெட்டியில் அப்படி அழகாகத் தேய்ந்த துளைகள் நிறையவே இருந்தன. இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ரோமானிய வெண்கலக் காசு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், கான்ஸ்டன்டைன் காலத்தது. தலைப்பக்கம் பேரரசர், பூப்பக்கம் கையை உயர்த்தி நிற்கும் சூரியக் கடவுள். துளை சூரியனின் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. காசைத் திருப்பினால் அதே துளை பேரரசரின் கழுத்துக்குக் கீழே வருகிறது, அதாவது நூலில் தொங்கவிட்டால் பேரரசர் தலைகீழாகத் தொங்குவார். துளை போட்டவருக்கு எந்த முகம் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. அவருக்குச் சூரியன் வேண்டும், அரசர் வேண்டாம். அவர் சூரியனைத்தான் கும்பிட்டாரா, அல்லது நின்றுகொண்டிருக்கும் ஒரு மனித உருவம் பார்க்க நன்றாக இருந்ததா என்பது காசில் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஒரு தேர்வு நடந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

அட்டையில் "ரோமானியர் அணிந்த தாயத்து" என்று இந்தக் காசுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இது அவசரம். ரோமானியக் காசு என்பதால் துளையும் ரோமானியத் துளை ஆகிவிடாது. இங்கிலாந்தில் 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலான ஆங்கிலோ சாக்ஸன் புதைகுழிகளைத் தோண்டும்போது, பெண்களின், குழந்தைகளின் எலும்புகளோடு, கண்ணாடி மணிகளுக்கு நடுவே துளையிட்ட ரோமானியச் செப்புக் காசுகள் கிடைக்கின்றன. அவை அடிக்கப்பட்டுப் பல தலைமுறைகள் கழிந்த பிறகு, அவற்றை வெளியிட்ட ஆட்சி அங்கிருந்து போய்விட்ட பிறகு, நிலத்தில் கிடந்து எடுத்தவர்கள் கோத்துக்கொண்டவை. சந்தையில் அந்தக் காசுக்கு அப்போது எந்த மதிப்பும் இல்லை. அதில் இருந்த முகம், எழுத்து, பழமை, கைக்கு அடக்கமான வட்ட வடிவம், இவைதான் அதன் மதிப்பு. துளை போடத் தோன்றியதற்குக் காரணமே அது பணமாக இல்லாமல் போனதுதான் என்று இந்த விஷயத்தில் தயங்காமல் சொல்லலாம்.

முகத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை வேறு இடங்களிலும் பார்க்கலாம். 11-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெள்ளிக் காசை ஊசி பொருத்தி உடையில் குத்திக்கொள்ளும் அணியாக மாற்றினார்கள். அப்போது அரசர் முகத்தை உள்ளே திருப்பி, சிலுவை இருக்கும் பக்கத்துக்குத் தங்கப் பூச்சு கொடுத்து வெளியே தெரியும்படி வைத்தவை பல உண்டு. தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால ரோமானிய, பைசாந்தியத் தங்கக் காசுகளில் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் போட்டவை ஏராளம். இரண்டு துளை இருந்தால் காசு சுழலாது, முகம் எப்போதும் நேராக, முன்னால் பார்த்தபடி நிற்கும்.

இந்த இரட்டைத் துளை விஷயத்துக்குப் பெட்டியிலேயே ஒரு சாட்சி இருந்தது: ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மகமூது (1808–1839) காலத்து மெல்லிய காசு. வெள்ளி குறைவாகவும் செம்பு அதிகமாகவும் கலந்தது, தாள் மாதிரி மெலிசு, அகலம் மட்டும் தாராளம். விளிம்பில் எதிரெதிராக இரண்டு துளைகள். இது தொங்கவிட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு, துணியில் தைத்திருப்பார்கள். பால்கன் பகுதி, அனத்தோலியா, பாலஸ்தீனம் எனப் பல இடங்களில் பெண்களின் தலையணியிலும் மார்புத் துணியிலும் இப்படி வரிசை வரிசையாகக் காசுகளைத் தைத்து அணிந்தார்கள். அதற்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணம் என்றால் ஒரு காசு போதுமே, எதற்கு நூற்றுக்கணக்கில்? அது அந்தப் பெண்ணின் சொந்தச் சேமிப்பு, ஊரே பார்க்கும்படி உடம்பிலேயே இருக்கும் சேமிப்பு, தேவைப்பட்டால் நூலை அறுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நடந்தால் சத்தம் வரும், வெளிச்சத்தில் மின்னும், அதுவும் வேண்டித்தான் செய்தது. அழகும் பணமும் காப்பும் ஒரே துணியில் தைக்கப்பட்டிருக்கும்போது இதில் எது உண்மைக் காரணம் என்று பிரிக்க நினைப்பதே வீண்வேலை.

அடுத்தது ஓர் அமெரிக்க வெள்ளி டைம், அதாவது பத்து சென்ட் காசு, 1876. 18 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான விட்டம், இரண்டரை கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. தலைப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் சுதந்திரத் தேவி அப்படியே இருக்கிறாள். பூப்பக்கத்தை முழுக்கத் தேய்த்து வழவழப்பாக்கி, மூன்று எழுத்துகளைக் கொடிகள் மாதிரி ஒன்றோடொன்று பின்னிப் பொறித்திருக்கிறார்கள். இதைக் காதல் காசு என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இது பெரிய மோகமாகவே இருந்தது, டைம்தான் இதற்கு மிகவும் விருப்பமான காசு, சின்னது, மெல்லியது, வெட்டுக் கத்திக்கு இளகிக் கொடுக்கும். காதலர் மட்டுமில்லை, தாய், குழந்தை, இறந்துபோனவர் என்று யார் பெயரையும் பொறித்தார்கள். லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: எழுத்துகளின் நிமிர்வும் துளையின் இடமும் மிகச் சரியாக ஒத்துப்போகின்றன, நடு எழுத்தின் உச்சிக் கொடி துளையைத் தொடாமல் இருக்க ஒரு பக்கமாக வளைந்து போகிறது. அப்படியென்றால் துளை முதலில் வந்தது, அல்லது துளை எங்கே வரும் என்று தெரிந்துதான் பொறித்தவர் கத்தியை வைத்திருக்கிறார். இதை அட்டை கவனிக்கவே இல்லை. "அதிர்ஷ்டக் காசு" என்று போட்டிருக்கிறார்கள். மூன்று எழுத்துகள் கண் முன்னால் நிற்கும்போது இப்படி எழுத எப்படி மனம் வந்தது என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இதே வகையில் இன்னும் கனமான ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள், கப்பல் ஏறுமுன் செப்புப் பென்னிகளின் இரு பக்கங்களையும் தேய்த்துவிட்டு, பெயரையும் தேதியையும் மறக்காதே என்ற வேண்டுதலையும் பொறித்து வீட்டாரிடம் விட்டுப் போனார்கள். 1797-இல் அடிக்கப்பட்ட, ஒரு அவுன்ஸ் எடையுள்ள பெரிய பென்னி இதற்கு வாகாக இருந்தது. ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இவை 300-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் துளை இருக்காது, இருப்பவை கழுத்தில் தொங்கவிடுவதற்காகப் போட்டவை.

சரி, அட்டை சொல்லும் நோய் தீர்க்கும் கதை. அது உண்மையான கதைதான், ஆனால் அதற்கு ஊரும் காலமும் உண்டு. கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய்க்கு அரசர் தொட்டால் குணமாகும் என்ற நம்பிக்கை இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூற்றாண்டுகள் இருந்தது. இங்கிலாந்தில் நான்காம் எட்வர்டு 1465-இல் ஏஞ்சல் என்ற தங்கக் காசை வெளியிட்டார், ஒரு பக்கம் தூதர் மிக்கேல் பறவைநாகத்தைக் குத்திச் சாய்க்கும் காட்சி, மறுபக்கம் கப்பல். அரசர் நோயாளியைத் தொடும் சடங்கில் இந்தக் காசைத் துளையிட்டு, வெள்ளை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுவிடுவது வழக்கமாயிற்று. முதலாம் சார்லஸ் காலத்தோடு ஏஞ்சல் அடிப்பது நின்றது. அவர் மகன் இரண்டாம் சார்லஸ் தம் ஆட்சியில் 90,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொட்டதாகக் கணக்கு இருக்கிறது. அதற்கென்றே ஏஞ்சலைப் போன்ற தனி வில்லைகளை அடித்துத் துளையிட்டுக் கொடுத்தார்கள். 1712-இல் ஆன் அரசி தொட்ட குழந்தைகளில் ஒருவர் சாமுவேல் ஜான்சன், பின்னாளில் அகராதி எழுதிப் பெயர் பெற்றவர். அவருக்கு நோய் தீரவில்லை, ஆனால் அந்த வில்லையை வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார், இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆன் அரசி 1714-இல் இறந்ததும் அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் இந்தச் சடங்கை விட்டுவிட்டார்.

இவ்வளவும் தங்கத்தில், அரண்மனையில் நடந்தது. இந்தப் பெட்டியில் இருக்கும் எந்தக் காசுக்கும் இதனோடு சம்பந்தம் கிடையாது. ஏஞ்சலிலேயே துளை இருந்தாலும் அது அரசர் தொட்டதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, நகையாகப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அட்டை எழுதியவர் இந்தக் கதையைக் கேள்விப்பட்டு எல்லாக் காசுக்கும் பொதுவாகத் தடவிவிட்டிருக்கிறார்.

காப்புக்காகத் துளையிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இருக்கிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் வெள்ளி டைமில் துளையிட்டுக் கணுக்காலிலோ கழுத்திலோ கட்டிக்கொண்டார்கள். யாராவது தீங்கு வைத்தால் வெள்ளி கறுத்துக் காட்டிக்கொடுக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளி கந்தகம் பட்டால் கறுக்கும் என்பது வேதியியல், ஆகவே கறுத்ததை அவர்கள் கண்ணால் பார்த்தே இருப்பார்கள். டென்னசியில், அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் ஹெர்மிடேஜ் பண்ணையில், அடிமைகள் வாழ்ந்த குடியிருப்புகள் இருந்த இடத்தைத் தோண்டியபோது துளையிட்ட காசுகள் கிடைத்தன. தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லை என்று சட்டம் சொன்ன ஒருவர், கையில் கிடைத்த சில்லறையைச் செலவழிக்காமல் தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டை போட்டிருக்கிறார். நோய், அதிர்ஷ்டம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகக்கூடிய விஷயமா இது?

பெட்டியில் ஒரு ஸ்பானிய இரண்டு ரியால் இருந்தது, நன்றாகத் தேய்ந்தது. இதில் துளை இல்லை என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்புக்கு அருகே ஒரு வட்டம் மட்டும் கொஞ்சம் மங்கலாக, ஈய நிறத்தில் தெரிகிறது. துளை போட்டு, பிறகு அடைத்திருக்கிறார்கள். இது நல்ல தேர்வு, விற்றவருக்குப் பாராட்டு. ஸ்பானிய வெள்ளி அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியாகும் பணமாக இருந்தது. துளை விழுந்த காசைக் கடைக்காரர் வாங்கமாட்டார், வாங்கினாலும் குறைத்துத்தான் வாங்குவார். அதனால் ஈயத்தையோ மட்டமான வெள்ளியையோ வைத்து அடைத்து, மேலே தட்டித் தேய்த்து, மறுபடி சந்தைக்கு அனுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள், இந்த ஒரு காசு பணமாக இருந்து, அணியாக மாறி, கஷ்ட காலத்தில் மறுபடி பணமாகத் திரும்பியிருக்கிறது. அல்லது யாரோ கொஞ்சம் வெள்ளியைத் திருடிக்கொண்டு ஓட்டையை மறைத்திருக்கலாம், அதுவும் நடந்ததுதான். இந்தக் காசில் அடைப்பைச் சுற்றி நசுங்கிய வளையம் தெரிகிறது, ஒரு பக்கம் தேய்மானமும் இருக்கிறது, ஆகவே அணிந்த காசு என்ற பக்கமே சாய்கிறேன்.

நட்ட நடுவில் துளை உள்ள பிரிட்டிஷ் செப்புப் பென்னி ஒன்றும் இருக்கிறது. விக்டோரியாவின் கன்னத்தின் வழியாகவே போகிறது துளை. இதைப் பார்த்ததும் அரசியின் மேல் கோபம், அரசியல் எதிர்ப்பு என்று கதை கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். துளையைச் சுற்றி இரு பக்கமும் ஒரே அளவில் வட்டமாக ஓர் அழுத்தத் தடம் இருக்கிறது, போல்ட் தலையும் நட்டும் இறுகிய தடம். இது வாஷர். இரும்புக் கடை தூரமாக இருந்து, செப்புக் காசு கையில் இருந்தால், காசையே வாஷராகப் போடுவதில் என்ன தவறு? நடுத்துளைக் காசுகளில் இன்னொரு வகையும் உண்டு. கள்ளக் காசு கையில் மாட்டினால் கடைக்காரர்கள் அதைக் கல்லா மேசையில் ஆணி வைத்து அறைந்துவிடுவார்கள், மறுபடி புழங்காமல் இருக்கவும், அடுத்துக் கொண்டுவருபவருக்கு எச்சரிக்கையாகவும். அப்படி அறைந்த காசைப் பெயர்த்தெடுத்தால் அதிலும் துளை இருக்கும். ஆகவே நடுத்துளை என்றால் முதலில் காசு அசல்தானா என்று எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி குறைகள். முதல் குறை, பெட்டியில் இருக்கவே கூடாத காசுகள் இருக்கின்றன. ஒரு சீனச் செப்புக் காசும் 1943-ஆம் ஆண்டு இந்திய ஒரு பைசாவும். சீனக் காசின் சதுரத் துளை வார்க்கும்போதே வைத்தது, சதுரக் கம்பியில் மொத்தமாகக் கோத்து விளிம்பை அரம் போட்டுத் தேய்க்கவும், பிறகு கயிற்றில் நூறு நூறாகக் கட்டி எடுத்துச் செல்லவும் அது உதவியது. இந்த வடிவம் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. ஒரு பைசாவின் நடுவில் இருக்கும் பெரிய வட்டத்துளை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நாணயச்சாலையே போட்டது. இரண்டும் நல்ல காசுகள்தான், ஆனால் இங்கே தலைப்பே வேறு. எண்ணிக்கை இருபது வர வேண்டும் என்று சேர்த்ததுபோல இருக்கிறது.

அரசாங்கமே துளை போட்ட கதையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அதற்குச் சரியான காசு வேறு ஒன்று உண்டு. பெட்டியில் வைக்க முடியாத அளவுக்கு அரியது, படமாகவாவது போட்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. வந்த வெள்ளியெல்லாம் வணிகக் கப்பல்களோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆளுநர் லாக்லன் மக்குவாரிக்காக 1812 நவம்பரில் சென்னையிலிருந்து கப்பலில் 40,000 ஸ்பானிய டாலர்கள் வந்து சேர்ந்தன. கள்ளக் காசு வழக்கில் தண்டனை பெற்று வந்த வில்லியம் ஹென்ஷால் என்ற கைதியையே பிடித்து, ஒவ்வொரு டாலரின் நடுவையும் வெட்டி எடுக்க வைத்தார்கள். வெளி வளையம் ஐந்து ஷில்லிங், உள்ளே இருந்து வந்த வில்லை பதினைந்து பென்ஸ், இரண்டிலும் 1813 என்று ஆண்டைப் பொறித்தார்கள். ஓட்டை விழுந்த டாலரை வெளியூரில் முழு மதிப்புக்கு யாரும் வாங்கமாட்டார்கள், ஆகவே காசு ஊரிலேயே தங்கும். அந்த வளையங்களில் இன்று ஏறத்தாழ 300 மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. தனி மனிதர் துளை போட்டால் காசு சந்தையை விட்டு வெளியேறுகிறது. இங்கே காசைச் சந்தைக்குள் பிடித்து வைக்கவே துளை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது குறை பெரியது. பெட்டியிலேயே கண்ணைக் கவரும் காசு மரியா தெரசா தாலர், ஆஸ்திரிய அரசியின் பெயரில் அடித்த பெரிய வெள்ளிக் காசு, 1780 என்று ஆண்டு போட்டது. உச்சியில் ஒரு துளை. அட்டையில் "18-ஆம் நூற்றாண்டு, அரேபியப் பெண்கள் அணிந்தது". இதைத்தான் நான் ஏற்கவில்லை. மரியா தெரசா 1780 நவம்பரில் இறந்தார், அவர் பெயரில் அதே ஆண்டைப் போட்டே இந்தத் தாலரை இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள், வியன்னாவில் மட்டுமில்லாமல் ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் என்று பல ஊர்களில் அடித்திருக்கிறார்கள். செங்கடலைச் சுற்றிய நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் வேறு காசை நம்பாமல் இதையே கேட்டதுதான் காரணம். ஆகவே 1780 என்பது அச்சில் இருக்கும் எண், காசின் வயது அல்ல. அங்கெல்லாம் இதை நகையாக அணிந்தது உண்மை. பல தாலர்களில் விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கும்.

இந்தத் தாலரில் பற்றவைத்த தடம் எதுவும் இல்லை. துளை பிசிறே இல்லாத வட்டம், உள்சுவரில் டிரில் கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன, காசின் முகமெல்லாம் கருமை படிந்திருக்க, துளைக்குள் மட்டும் வெள்ளி பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. மேல்பக்கம் நூல் தேய்த்த அடையாளம் இல்லை. முழுத் தாலர் 28.07 கிராம் இருக்க வேண்டும், இதில் துளையிலிருந்து தூளாகப் போயிருக்க வேண்டிய அளவுக்குச் சரியாக எடை குறைகிறது. இது அண்மையில் போட்ட துளை. காசு அசல் வெள்ளிதான், ஆனால் துளைதான் இங்கே விற்பனைப் பொருள், அந்தப் பொருள் போலி. துளைக் காசுகளுக்கு ஆர்வலர்கள் கூடக்கூட இது அதிகமாகும் என்று பயமாக இருக்கிறது, ஏனென்றால் பழைய காசைப் போலியாகச் செய்வது கடினம், பழைய காசில் புதுத் துளை போடுவது ஒரு நிமிட வேலை. அதுவும் நன்றாக இருந்த ஒரு காசைக் கெடுத்து.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். வாதம் எதுவும் செய்யாமல் தாலரைத் திருப்பி எடுத்துக்கொண்டு அதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டார், அந்த நேர்மையைச் சொல்லியே ஆக வேண்டும். தாம் வாங்கிய இடத்திலேயே இப்படித்தான் வந்தது என்றார், இருக்கலாம். விளக்க அட்டையைத் திருத்தும்படியும் கேட்டேன். ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை என்று பதில் வந்தது. அங்கேதான் எனக்கு மனக்குறை. இருபது அட்டைச் சட்டங்களில் பென்சிலால் இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்ததை எழுதினாலே போதும். மண்ணிலிருந்து வந்ததா, பழைய நகையிலிருந்து பிரித்ததா என்ற ஒரு தகவல் துளையின் காரணத்தில் பாதியைச் சொல்லிவிடும். இப்போது அந்தத் தகவல் விற்பவரின் மேசையிலேயே தொலைந்துபோகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வரலாற்றில் ஆர்வம் இருந்து, கையில் லென்ஸும் சின்னத் தராசும் இருந்தால் இந்தப் பெட்டி பல மாலைகளுக்குத் தீனி போடும். முதலீடு என்று நினைப்பவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். வாங்குமுன் விற்பவரிடம் துளையின் இரு பக்கங்களையும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்திருந்தால் பிசிறும் குழிவும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு காசின் எடையையும் கேளுங்கள். பெரிய வெள்ளிக் காசு சேர்ந்திருந்தால் அதன் துளைக்குள் என்ன நிறம் என்று குறிப்பாகக் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். வந்த பிறகு எதையும் தேய்த்துக் கழுவாதீர்கள். துளைக்குள் படிந்திருக்கும் களிம்பும் அழுக்கும்தான் அது பழைய துளை என்பதற்கான சான்று, புளியும் பற்பசையும் போட்டுத் துலக்கினால் உங்கள் காசும் அந்தத் தாலர் மாதிரியே ஆகிவிடும்.